முதலில் பிளேடை மாற்றுங்கள்

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுமார் 11.2 மீட்டர். அதையே 1/72 அளவில் பிளாஸ்டிக்கில் செய்தால் 156 மில்லிமீட்டர். ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அந்தச் சாணுக்குள் கத்தி அரை மில்லிமீட்டர் வழுக்கினால், நிஜ விமானத்தின் தகட்டில் 36 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்த மாதிரி. 1/700 அளவுப் போர்க்கப்பல் என்றால் இன்னும் மோசம். அங்கே அரை மில்லிமீட்டர் என்பது 35 சென்டிமீட்டர். கப்பலின் கைப்பிடிக் கம்பி, ஏணிப் படி, சிறு பீரங்கிகளின் குழாய் எல்லாமே அதைவிட மெலிந்தவை.

ஸ்கேல் மாடல் கட்டுவோருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. எந்தப் படைப்பிரிவின் விமானம் எந்த மாதத்தில் எந்தப் பச்சையில் இருந்தது என்று வாரக்கணக்கில் தேடுகிறவர்கள் அவர்கள். ஏர்பிரஷ் வாங்குகிறார்கள், கம்ப்ரெசர் வாங்குகிறார்கள், ஒரே சாம்பல் நிறத்தில் நான்கு பாட்டில் வாங்குகிறார்கள். கத்தி என்று வரும்போது மட்டும் மேசை இழுப்பறையில் எது கிடக்கிறதோ அதுவே போதும் என்றாகிவிடுகிறது. அதில் மாட்டியிருக்கும் பிளேடு போன கிட்டுக்கு மாட்டியது, சில வீடுகளில் அதற்கும் முந்தைய கிட்டுக்கு மாட்டியது.

பணம் போக வேண்டிய இடத்தை இந்தப் பொழுதுபோக்கு தலைகீழாகப் பிடித்திருக்கிறது. கைப்பிடி எதுவாகவும் இருக்கட்டும். பிளேடு, பசையும் பெயின்ட்டும் சாண்ட்பேப்பரும் தீர்வதுபோலத் தீர்கிற பொருள். தீர்ந்தது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். பெயின்ட் காலியானால் பாட்டில் சொல்லிவிடும்; பிளேடின் கூர் போனதைக் கெட்டுப்போன பாகம்தான் சொல்லும்.

புதிதாக இறங்குகிறவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு பெட்டி. மூன்று கைப்பிடி, பத்துப் பதினைந்து விதமான பிளேடு, ஒரு சிறு இடுக்கி, எல்லாம் வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டி. பார்ப்பதற்கு நிறைவாக இருக்கும். அந்தப் பத்துப் பதினைந்தில் வேலைக்கு வருவது இரண்டு அல்லது மூன்று வடிவங்கள். அந்த மூன்றிலும் உதிரி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மலிவான பெட்டிகளில் எஃகும் மென்மையாக இருக்கும். நாலு பாகம் வெட்டுவதற்குள் முனை மடங்கிப்போகும். அதே காசுக்கு ஒரே ஒரு நல்ல கைப்பிடியும் ஒரே வடிவத்தில் நூறு பிளேடும் வாங்கலாம். இந்தப் பொழுதுபோக்கில் முதல் நாள் எடுக்க வேண்டிய சரியான முடிவு அதுதான்.

நூறு என்றதும் மலைக்க வேண்டியதில்லை. மாற்றத்தக்க பிளேடின் வரலாறே தூக்கிப்போடுவதன் வரலாறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அறுவை மருத்துவர்கள் சாணை பிடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கத்திகளையே நம்பியிருந்தார்கள். 1915-இல் அமெரிக்கரான மார்கன் பார்க்கர் கைப்பிடி தனி, பிளேடு தனி என்று அமைந்த கத்திக்குக் காப்புரிமை பெற்றார். பார்ட்-பார்க்கர் என்ற பெயரில் அது மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. இன்று உலகம் முழுக்க அறுவை அரங்குகளில் 3-ஆம் எண் கைப்பிடி, 11-ஆம் எண் பிளேடு, 15-ஆம் எண் பிளேடு என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்த பழக்கம். ஒரு நோயாளிக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போடுவதில்லை. மாடல் கட்டுகிறவர் அத்தனை கறாராக இருக்க வேண்டாம். அதில் கால்வாசிக் கறார் இருந்தாலே போதும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1932-இல் வால்டர் ஸ்வான், ஆல்ஃபிரட் மார்ட்டன், டோரிஸ் ஃபேர்வெதர் என்ற மூன்று பேர் சேர்ந்து சவர பிளேடு செய்யத் தொடங்கினார்கள். 1930-களின் பிற்பகுதியில் அந்த நிறுவனம் அறுவை பிளேடு பக்கம் வந்தது. ஸ்வான்-மார்ட்டன் என்ற பெயர் இன்று மருத்துவர்களுக்கு எவ்வளவு பழக்கமோ, பிரிட்டனின் மாடல் கட்டுவோருக்கும் அவ்வளவு பழக்கம். உழைக்கிறவரின் உரிமையே முதலில் என்று தொடங்கும்போதே எழுதிவைத்துக்கொண்ட நிறுவனம் அது. பின்னாளில் அதன் பாதி உரிமை அங்கே வேலை செய்வோருக்கும் பாதி அறக்கட்டளைக்கும் போனது. அமெரிக்காவில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த போலந்துக் குடியேறியான ஸன்டெல் டோனிகர், விளம்பர ஓவியர்களுக்குக் கைக்கு அடக்கமான கத்தி வேண்டும் என்பதைக் கண்டு 1930-களில் எக்ஸ்-ஆக்டோவைக் கொண்டுவந்தார். பென்சில்போல் உருண்ட அலுமினியக் கைப்பிடி, வாயைத் திருகினால் பிளேடைக் கவ்வும் அமைப்பு. ஸ்கேல் மாடல் உலகில் கத்தி என்றாலே பலருக்கும் மனத்தில் வருவது அந்த உருவம்.

எல்லாவற்றிலும் அருமையான கதை ஒசாகாவுடையது. அங்கே அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா என்ற இளைஞருக்குக் காகிதம் வெட்டுவதே நாள் முழுக்க வேலை. சவர பிளேடால் வெட்டுவார்கள். அதன் முனைகள் தேய்ந்ததும் மிச்சமெல்லாம் வீண். செருப்புத் தைப்போர் கண்ணாடித் துண்டை உடைத்து, அதன் புது விளிம்பால் தோலைச் சீவுவதை அவர் பார்த்திருந்தார். மழுங்கினால் இன்னொரு முறை உடைப்பார்கள்; இன்னொரு விளிம்பு. போருக்குப் பிறகு ஜப்பானுக்கு வந்த அமெரிக்கப் படையினரின் சாக்லெட்டில் கட்டம் கட்டமாகக் கோடு இருந்ததும், கோட்டில் அழுத்தினால் சுத்தமாக உடைந்ததும் அவர் நினைவில் இருந்தன. இரண்டையும் சேர்த்து 1956-இல் அவர் உருவாக்கியதுதான் உடைத்துப் போடும் பிளேடு. அதிலிருந்து பிறந்தது ஓல்ஃபா நிறுவனம். அதன் 9 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர் அகலங்களே பிறகு உலகத்துக்கு அளவாகின.

இன்று தமிழ்நாட்டில் ஸ்டேஷனரி கடைக்குப் போய் கட்டர் என்று கேட்டால் கையில் கொடுப்பது ஒகாடாவின் பிள்ளையைத்தான். ஆனால் அதைப் பத்தில் ஒன்பது பேர் உடைப்பதே இல்லை. முதல் கட்டம் தேய்ந்து, முனை உருண்டு, பசை படிந்து, டேப்பைக் கடித்து இழுக்கும் நிலைக்கு வந்த பிறகும் அதே கட்டத்தோடு போராடுவார்கள். ஒரு கட்டம் உடைத்தால் ஒரு கட்டம் குறைந்துவிடுமே என்ற கவலை. அந்தக் கருவியைக் கண்டுபிடித்ததன் நோக்கமே அந்தக் கவலையைத் தீர்ப்பது.

மழுங்கிய பிளேடு என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். கிட்களில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன். கூரான விளிம்பு அதைப் பிளந்துகொண்டு போகும். மழுங்கிய விளிம்பு முதலில் அழுத்தும், பிறகு நசுக்கும், கடைசியில் கிழிக்கும். அப்படி இழுபடும்போது பிளாஸ்டிக்கின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கும். அதுதான் வெட்டிய இடத்தில் தெரியும் வெள்ளைத் தழும்பு. பெயின்ட் அடிக்கும் கிட்டில் அது மறைந்துபோகலாம். பண்டாய் நிறுவனம் 1980 முதல் வெளியிட்டுவரும் கண்டம் ரோபோ கிட்களைப் பலர் பெயின்ட் அடிக்காமலே கட்டுகிறார்கள். பிளாஸ்டிக்கிலேயே நிறம் இருக்கிறது. அடர்நீல மார்புக் கவசத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தால் அது ஆயுளுக்கும் இருக்கும்.

அதைவிடக் கொடுமை விமானத்தின் கண்ணாடிக் கூண்டு. கூண்டின் சட்டங்களுக்கு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டும், கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். அதற்காக மெல்லிய வாஷி காகித டேப்பை ஒட்டி, சட்டத்தின் விளிம்போரமாகக் கத்தியின் முனையை நகர்த்தி டேப்பை மட்டும் வெட்டி எடுப்பார்கள். புது பிளேடுக்கு அங்கே பாரமே வேண்டாம். கத்தியின் சொந்த எடையே வெட்டிவிடும். பழைய பிளேடு டேப்பைச் சுருட்டும். சுருட்டியதும் கை தானாக அழுத்தத்தைக் கூட்டும். கூட்டிய அழுத்தம் டேப்பைத் தாண்டிக் கண்ணாடியில் கோடாக இறங்கும். தெளிவான பாலிஸ்டைரீனில் விழுந்த கோட்டை மெருகேற்றி எடுக்க ஒரு மாலைப்பொழுது போகும், எடுக்க முடிந்தால். டீக்கால் எனப்படும் சின்ன ஒட்டுப்படங்களை வெட்டுவதும் அப்படித்தான். மழுங்கிய முனை படலத்தை மடக்கும், ஓரம் பிசிறாகும். கூண்டுக்கு ஒன்று, டீக்காலுக்கு ஒன்று என்று புது பிளேடு மாட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

கழற்றிய பிளேடை உடனே குப்பையில் போடவும் வேண்டாம். கண்ணாடிக் கூண்டில் பயன்பட்டது அடுத்து சாதாரணப் பாகங்களின் தழும்பு சீவப் போகலாம். அங்கே தேய்ந்ததும் பித்தளைத் தகட்டுக்கும் புட்டி வழிக்கவும் போகலாம். அதற்குப் பிறகு அதன் வேலை முடிந்தது. கைப்பிடி இரண்டோ மூன்றோ இருப்பது இதற்குத்தான் பயன்படும்: எது புது பிளேடு, எது பழையது என்று பார்த்தவுடன் தெரியும்.

கத்திக்கு முன்னால் ஒரு கருவி இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுக் கத்தியைக் குறை சொல்வது நியாயமில்லை. கிட்டின் பாகங்கள் ரன்னர் எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தில் சிறுசிறு கழுத்துகளால் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கழுத்தை வெட்ட நிப்பர் வேண்டும். கையால் முறுக்கிப் பிய்த்தாலோ, கத்தியை மேலிருந்து அழுத்தி வெட்டினாலோ பாகத்தின் உடம்பே குழிந்துவிடும். முதல் வெட்டு ரன்னர் பக்கமாகத் தள்ளி, இரண்டாம் வெட்டு பாகத்துக்கு அருகில், மிச்சமிருக்கும் மயிரிழைத் தடிப்பைக் கத்தி சீவி எடுக்கும். ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் உலோகக் கருவிகளுக்குப் பேர்போன சுபாமே-சஞ்சோ பகுதியிலிருந்து வரும் காட்ஹேண்ட் நிப்பரில் ஒரு பக்கம் மட்டுமே கூர். மறுபக்கம் தட்டையாகத் தாங்கிக்கொள்ளும். வெட்டிய இடம் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் அதன் கூர் அவ்வளவு மெல்லியது. தடித்த ரன்னரிலோ உலோகக் கம்பியிலோ ஒரு முறை வைத்தாலே பல் போய்விடும். தொடக்கத்தில் அவ்வளவு விலை கொடுப்பது அவசியமில்லை. டாமியா போன்ற நிறுவனங்களின் நடுத்தர விலை நிப்பர் ஒன்று, அதோடு தாராளமாக பிளேடு என்பதே புதியவருக்கு நல்ல சேர்க்கை.

எந்த வடிவம் என்ற கேள்வி அதன் பிறகுதான். ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் 11-ஆம் எண்: நேரான விளிம்பு, ஊசி முனை. எக்ஸ்-ஆக்டோவிலும் 11 உண்டு, அறுவை பிளேடிலும் 11 உண்டு. இரண்டும் வேறு வேறு கைப்பிடிக்கு உரியவை, ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது. எக்ஸ்-ஆக்டோ வகை சற்றுத் தடித்தது. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும், பாகத்தைச் சீவ ஏற்றது. அறுவை பிளேடு மெலிந்தது. கூரில் அதை மிஞ்ச ஆளில்லை. முறுக்கினால் படாரென்று ஒடியும். ஒடிந்த முனை எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அறுவை பிளேடை நெம்புகோலாக்கி ஒட்டிய பாகத்தைப் பிரிக்க முயல்வதும், கண்ணாடி அணியாமல் அதைச் செய்வதும் மாடல் மேசையில் நடக்கும் மிக மோசமான பழக்கங்கள்.

வளைந்த விளிம்புள்ள 10, 15 எண் அறுவை பிளேடுகளை மாடல் கட்டுவோர் ஏனோ குறைவாகவே மதிக்கிறார்கள். அச்சுகள் சேரும் இடத்தில் பாகத்தின்மேல் ஓடும் மெல்லிய கோட்டை எடுக்க அவற்றைப்போல் உதவுவது வேறில்லை. அங்கே வெட்டக் கூடாது, சுரண்ட வேண்டும். பிளேடைப் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்தி, எடை கொடுக்காமல் இழுத்தால் பொடிச் சுருளாக பிளாஸ்டிக் வரும். உருண்டையான பீரங்கிக் குழாயில் 11-இன் ஊசி முனை எங்காவது குத்தி நிற்கும். 15-இன் வயிற்றுப் பகுதி குழாயோடு ஒட்டிப் போகும். பித்தளைத் தகட்டில் செதுக்கிய சிறு பாகங்களை வெட்டும்போதும் வளைந்த விளிம்பை இணைப்பின் மேல் வைத்து உருட்டி அழுத்துவதே சிறந்தது. மென்மையான கட்டிங் மேட்டின்மேல் வைத்து அழுத்தினால் மேட் உள்வாங்கும், தகடு வளையும். பழைய பீங்கான் ஓடு ஒன்றின்மேல் வைத்தால் தகடு தட்டையாகவே இருக்கும். பிளேடின் விளிம்பு அங்கே சாகும். அதற்குத்தான் ஓய்வுக்கு நெருங்கிய பிளேடு.

உளிபோல் தட்டையான முனையுள்ள பிளேடு, எக்ஸ்-ஆக்டோ வரிசையில் 17-ஆம் எண், ஒரே ஒரு வேலைக்கு வாங்கத் தகுந்தது: டாங்கியின் பக்கத் தகட்டில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்திருக்கும் கைப்பிடியைப் பரப்போடு பரப்பாகச் சீவி எடுத்துவிட்டு, கம்பியில் புதிதாகச் செய்து ஒட்ட வேண்டும் என்றால் அதுதான் வழி. ரெசின் பாகங்களின் அடியில் இருக்கும் வார்ப்புக் கட்டையை எந்தக் கத்தியாலும் வெட்டக் கூடாது. மெல்லிய ரேஸர் ரம்பம் வேண்டும், முகமூடி வேண்டும், ஈரப்படுத்தி அறுத்தால் தூள் பறக்காது.

தகடு வாங்கித் தாங்களே பாகம் செய்கிறவர்களுக்கும், கட்டடக்கலை மாணவர்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. சாதாரண பிளேடு பிளாஸ்டிக் தகட்டில் கோடு போடும்போது பிளாஸ்டிக்கை இரு பக்கமும் தள்ளி வரப்பு எழுப்பும். கொக்கிபோல் வளைந்த முனையுள்ள பி-கட்டர் வகை பிளேடு, இழுக்கும்போது பொருளைச் சுருளாகப் பெயர்த்தெடுத்துக் கால்வாய் வெட்டும். அக்ரிலிக்குக்கு அது இல்லாமல் முடியாது. மெல்லிய ஸ்டைரீன் தகட்டுக்கு அதுவும் தேவையில்லை. எஃகு ஸ்கேல் வைத்து இரண்டு முறை லேசாகக் கீறி, மடக்கினால் கோட்டோடு உடையும். ஃபோம் போர்டுக்கு 30 பாகை முனையுள்ள புது பிளேடு, தாழ்ந்த கோணம், மூன்று நான்கு இழுப்பு. கட்டடக்கலைக் கல்லூரிகளில் சமர்ப்பிப்புக்கு முந்தைய இரவில் ஒரே இழுப்பில் வெட்டிவிடத் துடிக்கும் கைகளில்தான் ஃபோமும் பிய்கிறது, விரலும் வெட்டுப்படுகிறது.

கைப்பிடி பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மேசையில் உருளாமல் இருக்க வேண்டும். உருண்டை என்றால் ஒரு ரப்பர் வளையம் மாட்டினால் சரி. விழும் கத்தியைக் கை பிடிக்கப் போகக் கூடாது, கால் விலக வேண்டும்.

எஃகு பற்றி ஒரு வார்த்தை. கார்பன் எஃகு பிளேடுக்குக் கூர் அதிகம், துரு அதைவிட வேகம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடற்காற்று ஊர்களில் உறை பிரித்த கார்பன் பிளேடு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. நூறு பிளேடுகளையும் துருத்தடுப்புத் தாள் உறையிலேயே விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, தேவைக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். மாடல் வேலைக்குப் பெரிய நட்டமில்லை.

இந்தியாவில் இந்தக் கணக்கு மேலும் அழுத்தமாகப் பொருந்துகிறது. சுங்கப் பட்டியலில் ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கப் போட்ட வரி, உள்நாட்டில் செய்யப்படாத 1/48 விமானக் கிட்டின் தலையிலும் விழுந்தது. ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ அவ்வளவு விலைக்கு வந்து சேரும் கிட்டில் ஒரு கண்ணாடிக் கூண்டு கெட்டுப்போனால் மாற்றுப் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மறுபக்கம், அறுவை பிளேடு இந்தியாவிலேயே தயாராகிறது. மருத்துவ உபகரணக் கடைகளில் நூறாகக் கிடைக்கும்; ஒன்றின் விலை ஒரு டீயை எட்டாது. ஆயிரக்கணக்கில் கொடுத்த பொருளை ஒரு டீக் காசு மிச்சம் பிடிக்கப் போய்க் கெடுப்பதை எந்த வீட்டுக் கணக்கும் ஏற்காது.

குழந்தைகள் கையில் கத்தியா என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். 1942 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை நாட்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் கேட்டது. மரத்தில் செதுக்கி, 1/72 அளவில். வானில் தெரியும் நிழலுருவத்தைப் பார்த்தே எது நம்முடையது, எது எதிரியுடையது என்று வீரர்கள் சொல்லப் பழக வேண்டும் என்பதற்காக. 1/72 மாதிரியை 10 மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் 720 மீட்டரில் பறக்கும் விமானம்போல் தெரியும். பள்ளிப் பட்டறைகளில் பிள்ளைகள் கத்தி பிடித்துச் செதுக்கினார்கள், அளவு சரிபார்த்தார்கள், கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். போர்க்காலத்தை யாரும் விரும்ப வேண்டியதில்லை. பதினைந்து வயதுக் கை, கற்றுக்கொடுத்தால் கத்தியை ஒழுங்காகப் பிடிக்கும் என்பது மட்டும் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் பள்ளிகளில் நடப்பது வேறு. கத்தி ஆபத்து என்று நினைத்து மாணவர்களுக்கு மழுங்கிய கத்தரிக்கோலும் தேய்ந்த கட்டரும் கொடுக்கிறார்கள். மழுங்கியதற்குப் பலம் அதிகம் வேண்டும். பலம் அதிகமானால் வழுக்கல் அதிகம். வழுக்கினால் அத்தனை பலமும் விரலில் இறங்கும். 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை மாணவர்கள் முப்பரிமாண அச்சுப்பொறியில் பாகங்கள் எடுக்கிறார்கள். எடுத்த பாகத்தின் ஒட்டுகளைச் சீவ ஒரு கத்தி வேண்டும். அதை ஆசிரியர் பூட்டி வைக்காமல், எஃகு ஸ்கேலின் பின்னால் விரலை எங்கே வைப்பது, பிளேடு போகும் பாதையில் எதை வைக்கக் கூடாது, பிளேடை இடுக்கியால் எப்படிக் கழற்றுவது என்று ஒரு பாடவேளை கற்றுக்கொடுத்தால் போதும். அறுவை பிளேடில் காயங்கள் வெட்டும்போது மட்டும் வருவதில்லை, வெறும் விரலால் கழற்றும்போதும் வருகின்றன.

பிளேடை அடிக்கடி மாற்றச் சொல்கிறவர், கழற்றிய பிளேடு எங்கே போகிறது என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுக் குப்பைப் பையில் போட்ட 11-ஆம் எண் பிளேடு மேசையில் இருந்ததைவிட அங்கே பல மடங்கு ஆபத்தானது. பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கை, அதைப் பிரித்துத் தரம் பிரிப்பவரின் கை, கிடங்கில் நெகிழி பொறுக்குகிறவரின் கை என்று ஒவ்வொரு கையாக அது காத்திருக்கும். அந்தக் கைகளில் பாதிக்கு உறையே இருப்பதில்லை. இருக்கும் உறையையும் அறுவை பிளேடு காகிதம்போல் கடந்துவிடும். மருத்துவமனைகளுக்கு இதில் சட்டமே இருக்கிறது: 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியும் பிளேடும் குத்தித் துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில்தான் போக வேண்டும். அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீடுகளில் சேரும் பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு போன்றவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்திய பிளேடு என்பதால் அதன் கூர் குறைந்துவிடாது.

செய்ய வேண்டியது எளிது. தகர உண்டியல் ஒன்று மேசை ஓரத்தில் இருக்க வேண்டும். கழற்றிய பிளேடும் கட்டரில் உடைத்த கட்டமும் நேராக அதற்குள். காசுபோடும் வாய் போதும். மூடி திறக்காத வகையாக இருப்பது நல்லது. ஓல்ஃபா இதற்கென்றே, கட்டத்தை உடைத்து உள்ளே போட்டுக்கொள்ளும் சிறு டப்பாவை விற்கிறது. நிரம்பியதும் வாயை டேப்பால் பலமாக ஒட்டி, மேலே பிளேடு என்று தமிழில் பெரிதாக எழுதி, குப்பைப் பையோடு சேர்க்காமல் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும்.

கிட் விற்கும் கடைகளும் இதில் பங்கெடுக்க வேண்டும். பத்து வகை பிளேடு அடுக்கிய பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் முன்னால் வைப்பதற்குப் பதில், ஒரே வகையில் நூறு பிளேடும் ஒரு தகர டப்பாவும் சேர்த்து ஒரு பொட்டலமாக விற்கலாம். நிரம்பிய டப்பாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உள்ளாட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் மொத்தமாகச் சேர்க்கலாம். ஒரு நகரத்தில் கிட் விற்கும் கடைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றின் வாடிக்கையாளர்களும் மாதம் ஒருமுறையாவது வந்து போகிறவர்கள். கட்டடக்கலைக் கல்லூரிகள் தங்கள் மாடல் அறைகளில் இதே ஏற்பாட்டை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். சமர்ப்பிப்பு வாரம் முடிந்த மறுநாள் அந்த அறைகளைப் பெருக்க வருகிறவர்களைக் கேட்டால் அது எவ்வளவு அவசரம் என்று தெரிந்துவிடும்.